மாடல் ரயிலுக்குக் கட்டடமும் வேகனும் நாமே செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு மாடல் நிஜமாகத் தெரிகிறதா, பொம்மையாகத் தெரிகிறதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தடிமன்தான். நிறம் சற்று முன்னே பின்னே இருந்தால் கண் மன்னித்துவிடும். ஒரு குழாயோ ஏணியோ விட்டுப்போனால் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் தகரக் கூரையின் ஓரம் கனத்துத் தெரிந்தாலோ, ஜன்னல் கம்பி தடித்து நின்றாலோ, செங்கல் சுவர் மெலிந்து போனாலோ, எவ்வளவு பொறுமையாக வண்ணம் அடித்தாலும் தேறாது.

கடையில் பாகங்களாகக் கிடைக்கும் கிட்கள் சறுக்குவதும் இங்கேதான். அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் மூலைமுடுக்கெல்லாம் ஓட வேண்டும். அதனால் மெலிந்திருக்க வேண்டிய பாகங்கள் தடித்துவிடுகின்றன. பொருளை மிச்சம் பிடிப்பதால் தடித்திருக்க வேண்டிய சுவர்கள் மெலிந்துவிடுகின்றன. நாமே வெட்டி ஒட்டும்போது இரண்டையும் சரிசெய்யலாம். சொந்தமாகச் செய்வதில் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான் என்பேன்.

இங்கே இரண்டு வேலைகளைப் பார்ப்போம். ஒன்று, செங்கல் சுவரும் நெளி தகரக் கூரையும் கொண்ட சிறிய சரக்குக் கொட்டகையை வெறும் ஷீட்டிலிருந்து கட்டுவது. அப்புறம், கடையில் வாங்கிய திறந்த சரக்கு வேகன் ஒன்றை மாற்றியமைப்பது. கணக்கெல்லாம் எச்.ஓ. விகிதத்தில். மற்ற விகிதத்தில் செய்பவர்கள் வகுக்கும் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

விகிதக் கணக்கு

எச்.ஓ. என்பது 1:87. நிஜத்தில் ஒரு அடி, மாடலில் 3.5 மி.மீ. என்று வைத்ததால் வந்த எண் இது. இரு தண்டவாளங்களுக்கு இடையே 1435 மி.மீ. உள்ள ஸ்டாண்டர்டு கேஜ் பாதை இதில் 16.5 மி.மீ. ஆகிறது. பிரிட்டனில் அதிகம் புழங்கும் ஓ.ஓ. விகிதமோ 1:76.2, ஆனால் ஓடுவது அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். ‘என்’ விகிதம் பெரும்பாலும் 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பொதுவாக 1:150. தண்டவாளம் எல்லாவற்றுக்கும் 9 மி.மீ. ‘இசட்’ 1:220, தண்டவாளம் 6.5 மி.மீ.

தண்டவாளம் ஒன்றுதானே என்று எச்.ஓ. கொட்டகைக்கு முன்னால் ஓ.ஓ. ஆளை நிறுத்தினால் தெரிந்துவிடும். 1.75 மீட்டர் உயர ஆள் எச்.ஓ.வில் 20 மி.மீ., ஓ.ஓ.வில் 23 மி.மீ. பக்கத்தில் கதவு இருந்தால் அந்த 3 மி.மீ. நன்றாகவே உறுத்தும். கதவு, ஜன்னல், ஆள், ஏணி என்று மனித உடம்போடு தொடர்புள்ள எதை வாங்கினாலும் விகிதத்தைப் பாருங்கள். மரம், பாறை, பெட்டி, பீப்பாய் இவற்றில் கொஞ்சம் தாராளம் காட்டலாம்.

நம் கொட்டகையின் அளவுகள், நிஜ மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தபின்:

- நீளம் 12 மீட்டர்: 138 மி.மீ.
- அகலம் 6 மீட்டர்: 69 மி.மீ.
- தரையிலிருந்து இறவாரம் வரை 4 மீட்டர்: 46 மி.மீ.
- சரக்குக் கதவு, 2.4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம்: 27.6 × 31 மி.மீ.
- ஆள் போகும் கதவின் உயரம் 2.1 மீட்டர்: 24 மி.மீ.
- ஜன்னல் 0.9 × 1.2 மீட்டர்: 10.3 × 13.8 மி.மீ.
- சுவரின் தடிமன் 230 மி.மீ.: 2.6 மி.மீ.
- ஜன்னல் கண்ணாடிகளுக்கு இடையிலான சட்டம் 20 மி.மீ.: 0.23 மி.மீ.

கடைசி இரண்டு வரிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி வேலை முழுக்க அவற்றைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது.

நிஜக் கட்டடத்தை அளப்பது

கற்பனையாக ஒரு கட்டடத்தைக் கட்டுவதைவிட, எங்கோ நிற்கும் ஒன்றைப் பார்த்துக் கட்டுவது சுலபம். கூரைச் சாய்வு எவ்வளவு, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், மழைநீர்க் குழாய் எந்த மூலையில் இறங்குகிறது என்பதையெல்லாம் யாரோ ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

ரயில்வே இடமாக இருந்தால் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். தொட்டு அளக்க முடியாவிட்டாலும் படத்திலிருந்தே அளவெடுக்கலாம். ஒரு மீட்டர் நீளக் கோலில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்துக்கொண்டு, அதைச் சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். பின்னால் தள்ளிப் போய், ஜூம் செய்து, சுவருக்கு நேர் எதிரே நின்று படம் எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் சுவர் மேலே குறுகித் தெரியும். அந்தப் படத்தில் அளவெடுக்க முடியாது. மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது. இறவாரத்து நிழல் சுவரின் மேல்பாதியை மறைக்காது.

படத்தைக் கணினியில் சுருக்கி, அந்தக் கோல் 11.5 மி.மீ. வரும்படி அச்சிட்டால் கையில் இருப்பது எச்.ஓ. வரைபடம். கோல் வைக்க வழியில்லை என்றால் செங்கல் வரிசையை எண்ணுங்கள். செங்கல்லின் அளவு நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே ஒன்றையாவது அளந்துவிட வேண்டும். பிரிட்டன் செங்கல் சாந்தோடு சேர்த்து 75 மி.மீ. உயரம், நான்கு வரிசை 300 மி.மீ.

பின்பக்கத்தையும் கூரையையும் மறக்காமல் எடுங்கள். லேஅவுட்டில், அதாவது மாடல் ரயில் ஓடும் நம் குட்டி நிலப்பரப்பில், நாம் எப்போதும் மேலே இருந்துதான் பார்க்கிறோம். தெருவில் நிற்பவர் கண்ணில் படாத கூரைதான் மாடலில் முதலில் தெரியும்.

அட்டையில் ஒரு ஒத்திகை

நேராக நல்ல ஷீட்டை வெட்ட வேண்டாம். வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டியில் வெறும் சுவரும் கூரையும் வெட்டி, டேப் ஒட்டி, லேஅவுட்டில் அது நிற்க வேண்டிய இடத்தில் வைத்துச் சில நாள் விட்டுவிடுங்கள். ரயிலை ஓட்டிப் பாருங்கள்.

பெரும்பாலும் கட்டடம் பெரிதாகப்பட்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். 60 மீட்டர் நீளக் கிடங்கு எச்.ஓ.வில் ஏறத்தாழ 69 செ.மீ.; அவ்வளவு இடம் யாரிடம் இருக்கிறது? அதனால் சுருக்க வேண்டியிருக்கும். இதில் ஒரு விதி உண்டு: எண்ணிக்கையைக் குறைக்கலாம், உறுப்புகளின் அளவைக் குறைக்கக் கூடாது. பத்துக் கதவு உள்ள கிடங்கை நான்கு கதவாக்குங்கள். ஒவ்வொரு கதவும் தன் முழு அளவிலேயே இருக்கட்டும். பார்ப்பவர் யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

லேஅவுட்டின் பின்சுவரை ஒட்டி வரும் கட்டடத்துக்கு மட்டும் விலக்கு. அதை வேண்டுமென்றே சிறிய விகிதத்தில் கட்டினால் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். கலிபோர்னியாவின் மான்டெரேயில் கோரி அண்டு டிஃபீட்டட் என்ற புகழ்பெற்ற எச்.ஓ. லேஅவுட்டைக் கட்டிய ஜான் ஆலன் இந்த உத்தியில் கைதேர்ந்தவர். இடத்தைப் பெரிதாகக் காட்ட அவர் கண்ணாடிகளைக்கூடப் பயன்படுத்தினார். 1973இல் அவர் இறந்த சில நாட்களிலேயே அந்த லேஅவுட் தீயில் அழிந்தது. மிஞ்சிய படங்களைப் பார்த்து இன்றும் பலர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கருவிகளும் பொருள்களும்

கூரான நுனியுள்ள பிளேடு கத்தி, ஸ்டீல் ஸ்கேல், சின்ன மூலைமட்டம், டிஜிட்டல் வெர்னியர், கை டிரில், மெல்லிய அரம், சில தரங்களில் உப்புத்தாள், ட்வீசர், தட்டையான கண்ணாடிப் பலகை. தொடங்க இவ்வளவு போதும். இவற்றில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத ஒன்று பிளேடு. மழுங்கிய பிளேடை அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல். நுனி சற்று மங்கியதுமே மாற்றிவிடுங்கள்.

பொருளில் முதலிடம் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டுக்கு. 0.25, 0.5, 1.0, 1.5 மி.மீ. தடிமன்களில் கிடைக்கும். மெல்லிய பட்டைகளும், செங்கல் வரி அச்சிட்ட ஷீட்டுகளும், நெளி ஷீட்டுகளும் உண்டு. மரக் கட்டடம் என்றால் மெல்லிய பாஸ்வுட் பட்டை நன்றாக இருக்கும். பால்சா மரம் மென்மையானது, வெட்டச் சுகம்தான், ஆனால் அதன் நார் பெரிதாகத் தெரிந்து விகிதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அட்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வண்ணம் அடிப்பதற்கு முன் இருபுறமும் வார்னிஷ் பூசிவிட வேண்டும், இல்லையென்றால் ஈரத்தில் வளையும்.

பசை மூன்று வகை வேண்டும். ஸ்டைரீனை ஸ்டைரீனோடு சேர்க்கத் தண்ணீர்போல ஓடும் திரவ சிமென்ட். உலோகம், ரெசின் போன்றவற்றுக்கு சூப்பர் குளூ. ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை. திரவ சிமென்ட் உண்மையில் ஒட்டுவதில்லை. இரு பக்கமும் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. அதன் ஆவி உடம்புக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

முப்பரிமாண பிரின்டர் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் அதிலேயே செய்துவிடலாம் என்பார்கள். ஜன்னல் சட்டம், கதவு, புகைபோக்கி, விளக்குக் கம்பம் என்று ஒரே மாதிரி பல வேண்டிய சின்னப் பாகங்களுக்கு ரெசின் பிரின்டர் அருமையான கருவி. ஆனால் அகன்ற, மெல்லிய, தட்டையான சுவர் அதில் வளைந்துகொள்ளும். சுவருக்கு ஷீட்டே மேல். காயாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். காய்ந்ததை உப்புத்தாளில் தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

சுவர்: மூன்று அடுக்கு

2.6 மி.மீ. சுவரை ஒரே ஷீட்டில் வெட்ட முயன்றால் கை வலிக்கும், வெட்டும் கோணலாகும். மூன்று அடுக்காகக் கட்டுவோம். வெளியே 0.5 மி.மீ. செங்கல் ஷீட், நடுவே 1 மி.மீ., உள்ளே இன்னொரு 1 மி.மீ. மொத்தம் 2.5. அந்த 0.1 வித்தியாசத்தை விட்டுவிடலாம்.

வெட்டும் முறை எளிது. ஸ்கேலை வைத்து, அழுத்தாமல், ஒரே கோட்டில் இரண்டு மூன்று முறை கத்தியை இழுங்கள். கோட்டுக்கு எதிர்ப்பக்கமாக வளைத்தால் படக்கென்று நேராக உடையும். முழு ஆழத்துக்கும் வெட்டத் தேவையில்லை. வெட்டிய விளிம்பில் ஒரு சிறு மேடு எழும்பியிருக்கும். கத்தியைக் குத்தாக நிறுத்திச் சுரண்டிவிடுங்கள். இந்தப் பிசிறை எடுக்காமல் ஒட்டினால் அடுக்குகள் ஒன்றோடொன்று படியாது.

ஜன்னல் ஓட்டைகளைச் சுவரின் வெளிக்கோட்டுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். பெரிய ஷீட்டாக இருக்கும்போது பிடிக்க வசதி; சுவர் நடுவில் முறிந்தாலும் அதுவரை செய்த வேலை குறைவு. நான்கு மூலையிலும் சின்ன துளை போட்டு, பக்கங்களைக் கீறி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, முக்கோணத் துண்டுகளை மடித்து உடையுங்கள். மூலைகளை அரத்தால் சதுரமாக்குங்கள்.

இனி முக்கியமான இடம். வெளி அடுக்கிலும் நடு அடுக்கிலும் ஜன்னல் ஓட்டை சரியாக 10.3 × 13.8 மி.மீ. உள் அடுக்கில் மட்டும் எல்லாப் பக்கமும் 2 மி.மீ. பெரிதாக. மூன்றையும் சேர்த்தால் உள்பக்கம் ஒரு காடி கிடைக்கும். ஜன்னல் சட்டம் அதில் போய் உட்காரும். வெளியே இருந்து பார்த்தால் ஜன்னல் 1.5 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும், அதாவது நிஜத்தில் 13 செ.மீ. அந்த ஆழத்தில் விழும் நிழல்தான் சுவருக்குக் கனம் கொடுக்கிறது. இதற்கு எந்த வண்ணப்பூச்சும் ஈடாகாது.

அந்த 1.5 மி.மீ. பக்கவாட்டிலும் செங்கல் வரி தொடர வேண்டும். வெளிச்சுவரின் சாந்துக் கோடு எங்கே முடிகிறதோ அங்கிருந்து அரத்தின் ஓரத்தால் உள்ளே ஒரு கோடு இழுங்கள். எரிச்சலான வேலைதான், ஆனால் விட்டுவிட்டால் அந்த இடம் வழவழவென்று தனியாகத் தெரியும்.

அடுக்குகளைச் சேர்க்கும்போது நடுவே சிக்கும் சிமென்ட் வெளியேற வழியில்லாமல் போனால், சில வாரம் கழித்து சுவர் வளையும். உள் அடுக்கில் இரண்டு செ.மீ.க்கு ஒரு சின்னத் துளை போட்டுவிடுங்கள், சிமென்டையும் குறைவாகவே தொடுங்கள். ஒட்டியதும் கண்ணாடிப் பலகையில் வைத்து, மேலே கனம் ஏற்றி, ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

அகலப் பக்கத்துச் சுவர்கள் முகடு வரை ஏற வேண்டும். கூரை 30 டிகிரி சாய்வு என்று வைத்தால், பாதி அகலமான 34.5 மி.மீ.க்கு 20 மி.மீ. ஏறும். தரையிலிருந்து முகடு 66 மி.மீ.

நான்கு சுவர் கூடும் நேரம்

மூலைகளில் செங்கல் ஷீட்டை 45 டிகிரி சாய்வாக அரத்தால் தேய்த்துவிட்டால், ஒரு சுவரின் சாந்துக் கோடு அடுத்த சுவரில் தொடரும். கோடுகள் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றனவா என்று ஒட்டுவதற்கு முன் பாருங்கள். அடியிலிருந்து எண்ணி வெட்டியிருந்தால் சந்திக்கும்.

இரண்டு சுவரை மூலைமட்டத்தில் பிடித்து, பிரஷ் நுனியில் சிமென்டை எடுத்து உள்பக்க இணைப்பில் தொட்டால், அது தானே இடுக்கில் ஓடிவிடும். முதலில் பூசிவிட்டு அப்புறம் சேர்ப்பதைவிட இது சுத்தம். வெளியே கறை படாது. முதலில் இரண்டு ‘எல்’ வடிவங்கள். அவை காய்ந்தபின் ஒரு பெட்டி. மூலைகளுக்குள் சதுரக் குச்சியும், நடுவே குறுக்குச் சுவர் ஒன்றும் வைத்துவிட்டால் காலத்துக்கும் வளையாது. அடிப்பாகத்தை முழுதாக மூட வேண்டாம், காற்றுப் போகட்டும்.

ஜன்னல்

0.23 மி.மீ. சட்டம் என்று கணக்குச் சொன்னது. இரண்டு வழி இருக்கிறது. 0.25 மி.மீ. தடிமன் பட்டைகளைக் கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் விளிம்பில் நிற்கும்படி ஒட்டுவது ஒன்று; எச்.ஓ.வுக்கு இது அழகு. மற்றொன்று, தெளிந்த ஷீட்டில் ஊசியால் கோடு கீறி, அதில் வண்ணத்தைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிடுவது. கீறலுக்குள் மட்டும் வண்ணம் நிற்கும். ‘என்’ விகிதத்துக்கு இதைவிட மெல்லிய வழி கையால் செய்யக் கிடைக்காது.

தெளிந்த ஷீட் பக்கம் சூப்பர் குளூவைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெண்மையாக மங்கிவிடும். வெள்ளைப் பசை காய்ந்தால் தெரியாது. ஜன்னல்களை வண்ணம் அடித்த பிறகுதான் பொருத்த வேண்டும்.

கூரை

நெளி தகரத்தின் நெளிவுகள் நிஜத்தில் பெரும்பாலும் 76 மி.மீ.க்கு ஒன்று, எச்.ஓ.வில் 0.87. கடையில் 1 மி.மீ.க்கு ஒரு நெளிவோடு கிடைக்கும் ஷீட் போதுமான நெருக்கம். ஆனால் அந்த ஷீட்டையே முழுக் கூரையாக வெட்டி ஒட்டினால் ஓரம் 1 மி.மீ. தடிமனாகத் தெரியும். நிஜக் கணக்கில் 87 மி.மீ. தகரம்! அப்படி ஒரு தகரம் உலகில் கிடையாது.

ஆகவே நெளி ஷீட்டை அச்சாக மட்டும் பயன்படுத்துவோம். கனமான அலுமினியத் தாளை 28 × 8 மி.மீ. துண்டுகளாக வெட்டி, நெளி ஷீட்டின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு பள்ளமாக அழுத்தினால் தகரத் தகடு தயார். முதலில் 1 மி.மீ. ஷீட்டில் அடிக்கூரை போடுங்கள், ஆனால் அதை எல்லா ஓரத்திலும் 2 மி.மீ. குட்டையாக வெட்டுங்கள். தகடுகள் அதைத் தாண்டி வெளியே நீளும். பார்ப்பவர் கண்ணில் படுவது தாளின் விளிம்பு மட்டும்.

சாய்வின் நீளம் இறவாரத்தோடு ஏறத்தாழ 45 மி.மீ. கீழ் வரிசையை முதலில் ஒட்டி, மேல் வரிசை அதன்மேல் 1.7 மி.மீ. ஏறி உட்காரட்டும்; முகட்டைத் தாண்டும் மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு தகடு அடுத்ததன்மேல் ஒரு நெளிவு ஏறட்டும். இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 84 தகடு வரும். ஒன்றிரண்டைச் சற்றுக் கோணலாக ஒட்டுங்கள். ஒரு மூலையைத் தூக்கி விடுங்கள். எல்லாத் தகடும் ஒழுங்காக இருக்கும் சரக்குக் கொட்டகை எங்கும் இல்லை. முகட்டுக்கு ஒரு தாள் பட்டையை நடுவில் மடித்து வைத்தால் முடிந்தது.

வண்ணம்

பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவைத்து, சாம்பல் பிரைமர் ஒரு பூச்சு. பிரைமர் பட்டதும் இணைப்பில் உள்ள இடைவெளி, பசைக் கறை எல்லாம் பளிச்சென்று தெரியும். இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

செங்கல்லுக்கு ஒரே சிவப்பு போதாது. அடிப்படை நிறத்தை அடித்தபின், அங்கங்கே சில கற்களை மட்டும் ஒரு படி கறுத்தும், சிலவற்றை மஞ்சள் கலந்தும் நுனி பிரஷால் தொடுங்கள். காய்ந்ததும் வெளிர் சாம்பல் அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துச் சுவர் முழுக்க ஓடவிட்டு, ஈரத்துணியால் மேலோட்டமாகத் துடைத்தால் சாந்துக் கோடுகளில் மட்டும் தங்கும்.

சின்ன மாடலில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் வேண்டாம். தூரத்தில் இருக்கும் பொருளின் நிறம் எப்போதும் சற்று வெளுத்தே தெரியும். கறுப்புக்கு அடர் சாம்பல், வெள்ளைக்கு லேசான பழுப்பு கலந்த வெள்ளை. இன்னொன்று: லேஅவுட்டின் மேலே எந்த விளக்கு எரிகிறதோ அதன் கீழே வைத்து நிறத்தைப் பாருங்கள். மேசை விளக்கில் சரியாக இருந்த சிவப்பு அங்கே ஆரஞ்சாகத் தெரியலாம்.

பழமை ஏற்றுவது

தண்ணீர் எங்கே ஓடும், மனிதக் கை எங்கே படும், புகை எங்கே அடையும் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. துரு ஆணியிலிருந்து கீழே வழியும். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மண் தெறித்திருக்கும். மழைநீர்க் குழாய் இணைப்புக்குக் கீழே பச்சை படரும். கதவின் விளிம்பில் வண்ணம் தேய்ந்திருக்கும்.

முறைகள் மூன்று போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில சொட்டு இந்திய மை கலந்து பூசினால் இடுக்குகளில் நிழல் விழும். ஆனால் ஆல்கஹால் சில அக்ரிலிக் வண்ணங்களைக் கிளப்பும், சில மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ்களின் மேல் வெள்ளைப் படலம் விடும். உபயோகமற்ற துண்டில் சோதித்துவிட்டு இறங்குங்கள். பிரஷில் வண்ணத்தை ஏறக்குறைய முழுதாகத் துடைத்துவிட்டு மேடான இடங்களில் உரசினால் தகரத்தின் நெளிவும் மரத்தின் வரியும் எழுந்து வரும். கடைசியில் நிறமிப் பொடி. அதன்மேல் வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துவிடும் என்பதால் கொஞ்சம் கூடவே போடலாம். மூன்றையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். எல்லாக் கட்டடமும் இடிந்து விழும் நிலையில் இருக்கும் லேஅவுட்டுகள் நிறைய உண்டு. அவை சீக்கிரம் சலித்துவிடும்.

விளக்கு

12 வோல்ட்டில் ஒரு வெதுவெதுப்பான வெள்ளை எல்.இ.டி.க்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 9 மில்லி ஆம்பியர் ஓடும். பழைய கொட்டகைக்கு அது அதிக வெளிச்சம். 4.7 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள், 2 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். ஸ்டைரீன் ஒளியை ஊடுருவ விடும். உள்ளே முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் அடித்துவிட்டால் சுவர் ஒளிராது.

லேஅவுட்டில் இறக்குவது

சுவருக்கும் தரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கட்டடம் மிதக்கும். சுவரை 3 மி.மீ. கூடுதல் ஆழத்தோடு கட்டி, தரையில் அதற்கு ஒரு பள்ளம் வெட்டி இறக்குங்கள். ஓரத்தில் மண்ணும் புல்லும் சேர்த்துவிட்டால் இணைப்பு மறையும். நிரந்தரமாக ஒட்டாதீர்கள், விளக்கு கெட்டால் எடுக்க வேண்டும்.

ரயில் உரசுமா என்பதற்கு ஒரு சோதனை. உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் நடுப்பக்கத்திலும் முனையிலும் பென்சிலை டேப் போட்டு ஒட்டி, வளைவில் மெதுவாகத் தள்ளுங்கள். வளைவின் உள்பக்கம் பெட்டியின் நடுப்பகுதி வெட்டிக்கொண்டு போகும். வெளிப்பக்கம் முனை நீண்டு போகும். பென்சில் கோட்டுக்கு வெளியேதான் கொட்டகையும் பிளாட்பாரமும் இருக்க வேண்டும்.

சரக்கு வேகனை மாற்றியமைப்பது

இங்கேயும் தடிமன்தான். கடையில் வரும் திறந்த வேகனின் பக்கச் சுவர் 1 மி.மீ. இருக்கலாம். அதை முழுக்க மெலிதாக்க வேண்டியதில்லை. மேல் விளிம்பின் உள்பக்கத்தை மட்டும் 2, 3 மி.மீ. ஆழத்துக்குச் சாய்வாக அரத்தால் தேய்த்து, விளிம்பு 0.3 மி.மீ. ஆகும்வரை கொண்டுவாருங்கள். உள்ளே அடர் நிறம் அடித்து, கரி நிரப்பினால் சாய்வு தெரியாது. கரிக்கு உண்மையான கரியையே பொடித்துப் போடலாம். அதை ஒரு மெல்லிய பலகையில் ஒட்டினால், வேண்டும்போது எடுத்துவிட்டு வெற்று வேகனாகவும் ஓட்டலாம்.

அடுத்து கைப்பிடிகள். உடலோடு சேர்த்து வார்த்த கைப்பிடிகளை உளி முனை பிளேடால் சீவி எடுத்து, 0.4 மி.மீ. துளை போட்டு, 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துச் சொருகுங்கள். எல்லாம் ஒரே அகலம் வர வேண்டுமென்றால், தேவையான அகலத்துக்கு ஒரு ஸ்டைரீன் துண்டை வெட்டி அதன்மேல் கம்பியை வளைப்பது நல்லது. ஒட்டும்போது கம்பிக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய அட்டையைச் செருகி வைத்தால் இடைவெளியும் சீராக வரும்.

எழுத்துகளுக்கு நீர்-டெக்கல், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷ், அப்புறம் டெக்கல், அதை இளக்கும் திரவம், குமிழி இருந்தால் ஊசிக் குத்து, கடைசியில் மேட் வார்னிஷ். சொந்தமாக அச்சிடுபவர்கள் கவனிக்க: சாதாரண லேசர் பிரின்டரும் இங்க்ஜெட்டும் வெள்ளை அச்சிடாது, இங்க்ஜெட் அச்சை வார்னிஷ் போட்டு மூடாமல் தண்ணீரில் நனைத்தால் மை கரைந்துவிடும்.

அழகு முடிந்தது, இனி ஓட்டம். 1935இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கத்தின் பரிந்துரைப்படி, எச்.ஓ. வேகனின் எடை ஒரு அவுன்ஸோடு, நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வேகனுக்கு நான்கு அவுன்ஸ், அதாவது 113 கிராம். ‘என்’ விகிதத்தில் அரை அவுன்ஸோடு அங்குலத்துக்கு 0.15 அவுன்ஸ். எடையைத் தரைமட்டத்தோடு ஒட்டி, இரு போகிக்கும் (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டம்) சமமாகப் பிரித்து வையுங்கள்.

ஒரு போகியின் திருகைப் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு இறுக்குங்கள், திரும்ப மட்டும் திரும்பட்டும். மற்றதைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். மேடு பள்ளமான தண்டவாளத்திலும் எல்லாச் சக்கரமும் படிவதற்கு இது போதும். பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரமாக மாற்றி, சக்கர இடைவெளியை கேஜ் என்ற அளவுக் கருவி வைத்துச் சரிபாருங்கள். வேகன்களைக் கோக்கும் கப்ளிங்கின் உயரத்துக்கும் தனி கேஜ் உண்டு. தாழ்ந்திருந்தால் போகிக்கு மேல் மெல்லிய வாஷர் போட்டு உயர்த்தலாம்.

பிறகு ரயிலின் நடுவில் இந்த வேகனைக் கோத்து, என்ஜினால் பின்னோக்கித் தள்ளுங்கள். இழுக்கும்போது அமைதியாக வந்த வேகன் தள்ளும்போது பாதை பிரியும் பாயின்டில் தடம் புரண்டால், முதலில் தளர்ந்த போகியைப் பாருங்கள், அப்புறம் சக்கர இடைவெளி, கடைசியாக எடை.